டெல்டாவில் குழந்தைக்குக் கடல் காட்ட எங்கே போகலாம்?

கேள்வி இதுதான்: கும்பகோணத்தில் இருக்கிறோம். ஆறு வயது மகள் டால்பின் ஷோ பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பும் தூரத்தில் கடல் பூங்கா ஏதாவது இருக்கிறதா? கார் இருக்கிறது. கூட எழுபதை நெருங்கும் அம்மாவும் வருவார்.

டால்பின் ஷோ கிடையாது. கும்பகோணம் பக்கம் என்றில்லை, இந்தியாவிலேயே எங்கும் இல்லை. 2013 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரவேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் நம் மாநிலத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. 1990களின் கடைசியில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பூங்காவுக்கு வெளிநாட்டிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களில் அவை செத்துப்போயின. டால்பின் ஒலி எழுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதை வைத்தே வழியும் இரையும் தேடுகிற பிராணி. சிமெண்ட் தொட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் பதில் சொல்லும். குழந்தையிடம் இதை அப்படியே சொல்லலாம். ஆறு வயதுக்கு இது நன்றாகவே புரியும், நாம்தான் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கண்ணாடித் தொட்டி என்றால் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி மரைன் கிங்டம் இருக்கிறது. 2019இல் திறந்தது. தலைக்கு மேலே சுறாவும் திருக்கையும் நீந்த, கீழே நாம் நடந்துபோகும் கண்ணாடிச் சுரங்கம் அதில் உண்டு. ஆனால் கும்பகோணத்திலிருந்து போக வர ஒரு நாள் முழுக்கக் காரிலேயே கழியும். சென்னைக்கு வேறு வேலையாகப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். திருக்கையின் அடிவயிற்றுப் பக்கம் வாயும் செவுள் பிளவுகளும் இருப்பது மேலே நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும், அதை மட்டும் தவறாமல் காட்டுங்கள்.

சரி, உங்கள் மகளுக்கு வேண்டியது என்ன? உயிருள்ள கடல் பிராணியைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும், அது ஏதாவது செய்யவேண்டும். அதற்கு நம் டெல்டாவின் விளிம்பே போதும். பள்ளியில் விலங்கியல் எடுத்தவன் நான். பசுமைப் படைப் பிள்ளைகளை வேனில் அடைத்துக்கொண்டு இந்தக் கரை முழுக்கச் சுற்றியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு என் முதல் தேர்வு முத்துப்பேட்டை. தை, மாசியில் போவதாக இருந்தால் கோடியக்கரை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்க்கலாம், கார் கண்ணாடி வழியாக.

இடத்தைச் சொல்வதற்கு முன்னால் கடலைப் பற்றி ஒன்று. நம் டெல்டாவுக்கு இரண்டு கடல்கள். கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து பூம்புகார், தரங்கம்பாடி, நாகை, வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரை வரைக்கும் கரை கிழக்கே பார்த்தது. திறந்த வங்கக் கடல். அலை உடைந்து விழும், சில இடங்களில் நாலு அடி வைப்பதற்குள் தரை சரிந்துவிடும், அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கோடியக்கரை முனையில் கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது. அங்கிருந்து பாக் நீரிணை. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் எல்லாம் இந்தப் பக்கம். ஆழம் குறைவு, அலையும் பெரிதாக இருக்காது, ஆனால் தரை சேறு. நீலக் கடலும் வெள்ளை மணலும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். குழந்தைகள் சுளிப்பதில்லை. உயிர்கள் அதிகம் தென்படுவதும் இந்தச் சேற்றில்தான்.

ஆகவே கால் நனைக்கும் ஆசை இருந்தால் அதைக் கிழக்குக் கரையில் வைத்துக்கொள்ளவேண்டாம். வேளாங்கண்ணியிலும் பூம்புகாரிலும் பெரியவர்களே அலையில் போயிருக்கிறார்கள். அங்கே போனால் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி முத்துப்பேட்டை. கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். போகிற வழியிலேயே பயணத்தைத் தொடங்கிவிடலாம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. கல்லணையில் காவிரியிடமிருந்து பிரிந்துவந்த வெண்ணாறு இங்கே மூன்றாகப் பிரியும். அதில் கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேருமிடம் முத்துப்பேட்டைக் காயல்தான். ஷட்டர் பக்கத்தில் காரை நிறுத்தி, 'இந்தத் தண்ணி எங்கே போகுதுன்னு இன்னைக்குப் பார்க்கப்போறோம்' என்று மகளிடம் சொல்லுங்கள். மதகுக்கருகில் போகவேண்டாம், பாலத்திலிருந்து பார்த்தால் போதும். மேட்டூர் திறந்து தண்ணீர் ஓடும் மாதங்களில் இது அருமையாக இருக்கும். ஜூன் 12 என்பது திறப்புக்கு வழக்கமான நாள், அணையில் இருப்பு இருந்தால். சித்திரை, வைகாசியில் வெறும் மணல்தான் கிடக்கும், அப்போது நிற்காமல் போய்விடுங்கள்.

முத்துப்பேட்டை ஊரைத் தாண்டி ஜாம்புவானோடைப் பக்கம் படகுத்துறை. அங்கிருந்து கோரையாற்றில் இறங்கிப் போகவேண்டும். முதலில் இரண்டு கரையிலும் தென்னை, கருவேலம் என்று நமக்குத் தெரிந்த மரங்கள் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அவை மறைந்து அலையாத்தி நெருங்கும். அப்புறம் ஒரு திருப்பத்தில் ஆறு அகன்று, எதிர்க்கரையே தெரியாத மாதிரி ஒரு நீர்ப்பரப்பு விரியும். உள்ளூரில் லகூன் என்றே சொல்வார்கள். அவ்வளவு பெரிய தண்ணீரில் பெரும்பாலான இடங்களில் ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். வலை வீசுகிறவர் நட்ட நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், அந்த மாமா எப்படி நிக்கிறார் என்று.

காப்புக்காடு மொத்தம் ஏறக்குறைய 12,000 ஹெக்டேர். எல்லாம் மரம் என்று நினைத்துவிடவேண்டாம். காயலும் சேற்றுத் திடலும் அதில் பெரும் பங்கு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டையும் புரட்டிப்போட்டது. ஊரில் தென்னை விழுந்த அதே ராத்திரிதான். மகள் அப்போது பிறந்திருக்கமாட்டாள், பாட்டியிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

படகிலிருந்து இறங்கவிடும் இடத்தில் பொறுமையாக இருங்கள், சாப்பாட்டுப் பையை உடனே பிரிக்கவேண்டாம். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேரை மேலே நீட்டி மூச்சு வாங்குகிறது. அடுத்ததாக ஒரு இலையைப் பிடித்து, அதன் மேல் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். இந்த மரம் உறிஞ்சும் தண்ணீரில் கூடுதலாக இருக்கும் உப்பை இலைவழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் காய்ந்த நாளில் இலையில் பொடிப்பொடியாக உப்பு மின்னுவதே கண்ணுக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் கழுவிப்போயிருக்கும், அன்றைக்கு இந்த வித்தை பலிக்காது.

பிறகு நண்டு. சேற்றுத் திடலைப் பார்த்தபடி இரண்டு மூன்று நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும். முதலில் ஓட்டைகள் மட்டும்தான் தெரியும். நடக்கும் அதிர்வு அவற்றுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் நாம் வருவதற்குள் எல்லாம் உள்ளே போயிருக்கும். அதிர்வு நின்றதும் ஒன்று எட்டிப் பார்க்கும், அப்புறம் பத்து, அப்புறம் திடல் முழுக்க. ஆண் நண்டுக்கு ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிசாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெண் நண்டைக் கூப்பிடத்தான் அந்த ஆட்டம், பக்கத்து ஆணை மிரட்டவும். பெண்ணுக்கு இரண்டு கொடுக்கும் சின்னது. குழந்தையிடம் 'எது அப்பா நண்டு, எது அம்மா நண்டு, கண்டுபிடி' என்று விட்டுவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. டால்பினை அவளாகவே மறந்துவிடுவாள் என்று உறுதி சொல்லமாட்டேன், ஆனால் என்னோடு வந்த பிள்ளைகளில் திரும்பும்போது டால்பினைக் கேட்டவர்கள் குறைவு.

அங்கேயே சேற்றில் தத்தித் தத்திப் போகும் விரல் நீள மீனும் இருக்கும். கண் இரண்டும் தலை உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும். உடம்பு ஈரமாக இருக்கும் வரை தோல்வழியாகவே மூச்சு விடும், முன்துடுப்பை ஊன்றி நடக்கும். மீன் நடக்குமா என்று பாட்டியும் குனிந்து பார்ப்பார்.

இதெல்லாம் தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது, காயலுக்குள் இன்னும் குறைவு. இருந்தாலும் திடல் மூழ்கிக் கிடப்பதா தெரிவதா என்பதை அந்த ஒரு சாண்தான் முடிவுசெய்யும். வத்தம் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். எந்தச் செயலியையும் பார்க்கவேண்டாம். முந்தின நாளே படகுக்காரரிடம் 'நாளைக்கு வத்தம் எப்போ' என்று கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக இறங்கும்.

படகு விஷயத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வனத்துறை அனுமதியோடு போகும் படகில்தான் ஏறவேண்டும், குழந்தைக்கு அவள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கவேண்டும். பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் விழும்போது அது தலைவழியாகக் கழன்று மிதக்கும், பிள்ளை கீழே போகும். அளவு இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், பின்னாலும் உதவும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் படகில் ஏறி இறங்குவதுதான் சிரமம், உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் இல்லை. குடையோ தொப்பியோ எடுத்துக்கொள்ளுங்கள், காயல் நடுவில் நிழல் கிடையாது. கழிப்பறை வேலையை ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

கோடியக்கரை இன்னொரு விதம். கும்பகோணத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக 110 கிலோமீட்டர் அளவில் வரும், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பிடிக்கும் குழந்தை என்றால், திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023 ஏப்ரலில் மறுபடி விட்ட ரயிலில் ஒரு பக்கம் மட்டும் அவளை ஏற்றி, காரை அங்கே வரச்சொல்லலாம். நேரம் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1967இல் சரணாலயமான இடம். வெளிமான்கள்தான் முதல் காரணம். ஆண் மான் முறுக்குக் கொம்போடு, முதுகு கரும்பழுப்பும் வயிறு வெள்ளையுமாக இருக்கும். காலையிலும் மாலையிலும் புல்வெளிக்கு வரும், நடுப்பகலில் நிழலுக்குப் போய்விடும். ஆகவே பத்து மணிக்கு மேல் போய்ச் சேருகிறவர்கள் மானைக் காணோம் என்று வனத்துறையைத் திட்டுவதில் அர்த்தமில்லை. விடியற்காலை ஐந்துக்குக் கும்பகோணத்தில் கிளம்பினால் எட்டு மணிக்கு அங்கே இருக்கலாம். மட்டக் குதிரைகளும் காட்டுக்குள் திரியும். என்றைக்கோ வளர்ப்பாக இருந்து காட்டோடு போனவற்றின் வாரிசுகள். குரங்குகள் உண்டு. குழந்தை கையில் பிஸ்கட் பொட்டலம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பூநாரைகள் ஐப்பசி, கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும். சதுப்பில் தூரத்தில்தான் நிற்கும், இளஞ்சிவப்பாக ஒரு கோடு மாதிரி. பைனாகுலர் இல்லாமல் போனால் அந்தக் கோடோடு திரும்பவேண்டியதுதான். யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அதன் வழியாகப் பார்த்தால் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரைச் சலித்துத் தின்பது தெரியும். தின்னும் பாசியிலும் பொடி இறாலிலும் இருக்கும் நிறமிதான் இறகுக்குச் சிவப்பு கொடுக்கிறது. குஞ்சு சாம்பல் நிறம். ஏதாவது ஒரு பறவைக் காலில் வளையம் தெரிந்தால் காட்டுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி, எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஆராய்கிறார்கள். சைபீரியா பக்கமிருந்து வரும் கையளவு உள்ளான் குருவிகள்கூட இந்தச் சதுப்பை நம்பி வருகின்றன. 2002இல் இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

வழியில் வேதாரண்யம் உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதான ஊர் இது. ஆனால் ஆறு வயதுக்கு வரலாறு வேண்டாம். பாத்தி, வெயில், வெள்ளைக் குவியல், நாக்கில் ஒரு கல் உப்பு, அது போதும். முத்துப்பேட்டையில் இலை செய்ததை இங்கே மனுஷர் செய்கிறார்கள். கோடையில் போனால் பாலைப்பழம் விற்பார்கள், வாங்கிக்கொடுங்கள். பால் பிசுபிசுப்பு உதட்டில் ஒட்டும், ஆனால் தித்திப்பு.

ஆமை பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டால்பினுக்கு ஈடாக இந்தக் கரை கொடுக்கக்கூடியது இதுதான். பங்குனி ஆமை தை முதல் பங்குனி வரைக்கும் ராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி நூறுக்கும் மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டையைச் சேகரித்துக் கோடியக்கரை போன்ற இடங்களில் வேலிபோட்ட பொரிப்பகத்தில் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பது. சூடு கூடினால் பெண். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும் கடலில் விடுவார்கள், பொதுமக்களையும் சில சமயம் அனுமதிப்பார்கள். வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவைத்தால் தகவல் சொல்வார்கள், முட்டை எப்போது பொரியும் என்பது அவர்கள் கையில் இல்லை என்பதால் ஒரு நாள் முன்னால்தான் தெரியும். கூப்பிட்டால் பள்ளிக்கு லீவு போட்டாவது போய்விடுங்கள். குஞ்சைக் கையில் தூக்கவோ, செல்போன் வெளிச்சம் அடிக்கவோ கூடாது. வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து அந்தப் பக்கம் ஊர்ந்துவிடும்.

டால்பினும் நம் கடலில் இல்லாமல் இல்லை. மீனவர்கள் ஓங்கில் என்பார்கள், கடலுக்குள் போகிறவர்களுக்குப் பழகின முகம்தான். கரையிலிருந்து தெரிவது அதிர்ஷ்டம். அதனால் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மனோரா உங்களுக்குக் கொஞ்சம் தூரம், ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்தம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-15இல் கட்டிய அறுகோணக் கோபுரம். ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு மல்லிப்பட்டினக் கரையில் ஏன் கோபுரம் என்று குழந்தை கேட்டால் பதில் சொல்வது உங்கள் பாடு. எனக்கு அதைவிட முக்கியம் எதிரே இருக்கும் கடல். அடியில் கடற்புல் வளர்ந்த மேய்ச்சல் நிலம் அது. அந்தப் புல்லைத் தின்று வாழும் கடல் பசுவுக்காக 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல் பசுவுக்கென்று அறிவித்த முதல் காப்பகம். ஆவுளியா என்பது கரையோரப் பெயர். மூன்று மீட்டர் வரை வளரும், மாடு மாதிரியே நாளெல்லாம் மேயும், மூச்சுக்கு மட்டும் மேலே வந்து மூக்கைக் காட்டிவிட்டு இறங்கும். கரையிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் காற்றடித்த மறுநாள் கரையில் நாடா நாடாவாகக் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும். ஒன்றை எடுத்து வேரோடு காட்டுங்கள். பாசிக்கு வேர் கிடையாது, இதற்கு உண்டு, கடலுக்குள்ளேயே பூவும் பூக்கும்.

பூம்புகார், தரங்கம்பாடி இரண்டும் உங்களுக்கு மிக அருகில், மயிலாடுதுறை வழியாக அறுபது எழுபது கிலோமீட்டருக்குள். பாட்டிக்குப் பிடிக்கும், கோவில் இருக்கிறது, கோட்டை இருக்கிறது. காவிரி கடலில் கலக்குமிடத்தைப் பார்த்தோம் என்ற திருப்தியும் உண்டு. கடல் பிராணி பார்க்க அவை தோதான இடங்கள் அல்ல. பிச்சாவரம் அழகுதான், சுற்றுலாத் துறை படகுகள் ஒழுங்காக ஓடுகின்றன, குறுகின கால்வாய்களில் மரம் தலைக்கு மேல் கவிந்திருக்கும். ஆனால் விடுமுறை நாளில் கூட்டமும் சத்தமும் அதிகம், எந்த நண்டும் நமக்காக வெளியே வராது. வார நாளில் போக முடிந்தால் மாற்றிச் சொல்வேன்.

மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றுலா இடமாக யாரும் நினைப்பதில்லை. நாகப்பட்டினத்திலோ பழையாறிலோ விடியற்காலையில் படகு கரைக்கு வந்து ஏலம் போகும் நேரம், ஒரு குழந்தைக்கு எந்தத் தொட்டியும் காட்டாத அளவுக்கு வகை வகையாக மீன் இருக்கும். வாவல், சீலா, பாறை, கணவாய், திருக்கை, நண்டு, பெயர் கேட்டால் ஏலக்காரரே சொல்வார். உயிரோடு இருக்காது, அது ஒரு குறை. அதைப் பார்த்து உங்கள் மகள் அழுவாளா ஆசையாகத் தொடுவாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது துறைமுகம் காலியாகக் கிடக்கும்.

கரையில் சிப்பி பொறுக்குவது பற்றி: காலிச் சிப்பி ஒன்றிரண்டு பரவாயில்லை, உள்ளே சன்னியாசி நண்டு குடியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டு எடுங்கள். கடைகளில் காய்ந்த கடல் குதிரையோ கடல் அட்டையோ தந்தால் வாங்கவேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சொறி என்று சொல்லும் இழுதுமீன் கரையில் ஒதுங்கிக் கிடந்தால் செத்ததுதானே என்று தொடவிடாதீர்கள், செத்தபிறகும் சுணைக்கும். பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும், தேய்க்கவும் கூடாது. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடவேண்டும்.

நாள் தேர்ந்தெடுப்பதில் இரண்டு தொல்லை. ஐப்பசி முதல் மார்கழி முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை வந்தால் படகு நிற்கும். ஆடி, தை அமாவாசைகளில் கோடியக்கரையும் வேதாரண்யமும் பூம்புகாரும் தீர்த்தமாடுகிறவர்களால் நிரம்பிவிடும். வத்தத்துக்கு அமாவாசை நல்லது என்று மேலே சொன்னேன், அந்த இரண்டு அமாவாசைகளை மட்டும் விட்டுவிடுங்கள். எனக்கென்றால் பொங்கல் கூட்டம் ஓய்ந்த தைக் கடைசியில் ஒரு வார நாள்.

சாப்பாடு கையோடு எடுத்துப்போவது நல்லது. புளியோதரையும் தயிர்சாதமும் தூக்குவாளியில் போகட்டும், காட்டுக்குள் பிளாஸ்டிக் பொட்டலம் வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் முத்துப்பேட்டையில் மத்தியானம் பிரியாணி கிடைக்கும். காரில் குமட்டும் குழந்தையாக இருந்தால் மன்னார்குடிக்கு அப்பால் வளைவுகள் அதிகம், வயிறு முட்டச் சாப்பிடவைத்து ஏற்றாதீர்கள்.

முந்தின நாள் வனச்சரக அலுவலகத்தில் படகு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் போன இடத்தில் காற்று கிளம்பி, இன்றைக்கு இறக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டால் வாதாடவேண்டாம். காரைத் திருப்பி அதிராம்பட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனோராவுக்கு விடுங்கள், ஒரு மணி நேரம்தான். அங்கே கடற்புல்லும் கோபுரமும் பார்த்துவிட்டுப் பட்டுக்கோட்டை வழியாகத் திரும்பினால் இருட்டுவதற்குள் தஞ்சாவூர் வந்துவிடலாம், அங்கிருந்து கும்பகோணம் ஒரு மணி நேரம்.